நாகரிகம் என்பது யாது?

மாந்தர் நாவில் மிக எளிதாக வழங்கும் சொற்களே மிக ஆராய்ந்து வழங்கற்பாலன. 'நாகரிகம்', 'காட்டுமிராண்டித்தனம்' என்பன அத்தகையன. முன்னதைத் தமக்கும் பின்னதைப் பிறர்க்கும் உரிமையாக்கும் வழக்கம் எல்லா நாட்டிலும் உண்டு.

யாம் மிஷன் பாடசாலையொன்றிற் பயின்ற காலத்தில், ரொபின்சன் குரூசோ கதையின் சுருக்கம் எமக்குப் பாடநூலாய் வாய்த்தது. டானியல் டீஃபோ 1719 ஆம் ஆண்டில் வெளியிட்ட அந்நூலிலே, தீவில் தனித்து வாழும் குரூசோ, தன்னால் உயிர்பிழைத்த ஒருவனுக்கு 'வெள்ளிக்கிழமை' என்று பெயரிட்டு, தன்னை 'எஜமான்' என்றழைக்கப் பழக்குகின்றான். அம்மனிதனுக்கு முன்னரே ஒரு பெயர் இருந்திருக்குமன்றோ? யாம் அதனைக் கேட்டிலோம்; கற்பித்தவரும் கேட்டிலர்.

பின்னர் யாமே ஆசிரியரானோம். கல்முனைக்கு மேற்கே, வயல்வெளிக்கு அப்பாலுள்ள காட்டோரத்திலிருந்து ஒரு மாணாக்கன் எம் வகுப்புக்கு வந்தான். அவன் தந்தை சேனைப்பயிர் செய்தும் தேனெடுத்தும் சீவிப்பவர். ஒருநாள் அவன் செய்யுளொன்றை ஒப்புவிக்கமாட்டாது நின்றபோது, 'காட்டான்' என்று ஒரு சொற் சொன்னோம். வகுப்பு நகைத்தது. மறுநாள் தொட்டு அவன் வரவில்லை. ஒரு கிழமை கழித்து வீடு தேடிச் சென்றோம். தந்தையார் எழுந்து, தோளிற்கிடந்த துண்டை இடையிற் கட்டிக்கொண்டு, பாய் விரித்து, வெயிலில் நடந்தா வந்தீர்கள் என்று வினவித் தேனும் நீருந் தந்தார். மகன் வாராமையின் காரணத்தை அவர் அறிந்திருந்தாரென்பது முகத்தால் விளங்கிற்று. ஆயினும் அதுபற்றி ஒரு சொல்லும் சொன்னாரல்லர். அம்முற்றத்திலே காட்டான் யாவன் என்பது எமக்கு ஐயமின்றிப் புலனாயிற்று.

அந்நாட்களில் யாம் மீண்டும் எடுத்துப் படித்தது, லெனாட் வுல்ஃப் என்பார் 1913 இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'காட்டிலுள்ள கிராமம்' என்னும் நாவல். அவர் 1904 இல் பிரித்தானிய அரசாங்க உத்தியோகத்தராய் இலங்கைக்கு வந்து, 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராயிருந்தவர். பொத்துவில், உகந்தை, குமண வழியாகக் கதிர்காமத்துக்கு நடந்துசெல்லும் எம் அடியார்கள் அறிந்த வறண்ட காட்டுக்குத் தெற்கே கிடக்கும் நாடே அக்கதை நிகழும் நிலம்.

அதன் நாயகன் சிலிந்து என்னும் வேட்டைக்காரன். ஊராரால் அரைப்பித்தனென்று இகழப்படுபவன். அவன் மகள் புஞ்சி மெனிக்காவைப் பட்டணத்து முதலாளியாகிய பெர்னாண்டோ இச்சிக்கின்றான். அவள் இணங்காளாக, ஊர்த்தலைவனும் அவனும் கூடி, அவள் கணவன் பபுன்மீதும் சிலிந்துமீதும் களவுக் குற்றஞ் சாட்டுகின்றனர். நீதிமன்றில் விசாரணை முறைப்படியே நடக்கின்றது. நீதவான் கெட்டவரல்லர்; அவர்க்கு ஐயமும் எழுகின்றது. எனினும் எதிரிகளுக்கு அங்கு நடப்பது இன்னதென்றே விளங்கவில்லை. சிலிந்து விடுதலையாகின்றான், குற்றமற்ற பபுனோ மறியற்சாலை சென்று ஆங்கே இறக்கின்றான். பின்னர்ச் சிலிந்து தலைவனையும் முதலாளியையும் துவக்காற் சுட்டுத் தானே சென்று சரணடைகின்றான். அவனுக்கு விதித்த தூக்குத்தண்டனை இருபதாண்டு மறியலாக மாற்றப்படுகின்றது. ஈற்றில் ஊரையே காடு மூடிவிடுகின்றது.

இக்கதையிற் காட்டுமிராண்டித்தனம் எது? இரு கொலைகளே என்று விரைந்து விடைசொல்வோர் உளர். கொலை கொலையே, யாம் அதனை நியாயமென்னோம். ஆயின் அக்கொலைக்கு முன், சேனை அனுமதிச் சீட்டும், கடன் கணக்கும், நீதிமன்ற வழக்கும் ஆகிய மூன்றும் ஒரு குடும்பத்தை அணுவணுவாய் அழித்தனவே! அம்மூன்றும் காட்டிற் பிறந்தனவல்ல, நாகரிகத்தின் கருவிகள். கையில் ஒரு துளி இரத்தமும் படாதபடி பிறனை அழிக்கத் தெரிதலும் நாகரிகமெனப்படுமேல், அதிற் பெருமை யாதுளது?

இனி, காடே தூயது, பட்டணமே தீயது என்று மாற்றிச்சொல்லுதலும் உண்மையன்று. நூலாசிரியரும் அங்ஙனஞ் சொல்லிற்றிலர். அவர் காட்டும் காட்டிலே பசியும் அச்சமும் ஆட்சிசெய்கின்றன. சிலிந்துவின் மற்றை மகள் ஹின்னிஹாமி வளர்த்த மானை, ஊருக்கு நேர்ந்த தீங்கெல்லாம் அதனால் வந்ததெனக் கருதி, ஊரவர் தாமே அடித்துக் கொல்கின்றனர். அவளும் மாய்கின்றாள். ஆகலின் இடத்தைக்கொண்டு இருதிறத்தையும் பிரித்தல் கூடாது.

பின் எதைக்கொண்டு பிரிப்பது? திருவள்ளுவர் 'நாகரிகம்' என்னுஞ் சொல்லைக் கண்ணோட்டம் என்னும் அதிகாரத்தில் வைத்தார். பரிமேலழகரும் அதற்குக் கண்ணோட்டமென்றே பொருளுரைத்தார். நகரமும் எழுத்தும் சட்டமும் அல்ல. பிறனைக் காணும் கண்ணே நாகரிகம். பெரியபுராணத்துத் திண்ணனார் வேடர். வாய்நீராட்டி ஊனைப் படைத்தவர். சிவகோசரியாரோ ஆகமம் வல்லவர். அச்செயலை அனுசிதமென்று வருந்தியவர். ஆண்டவனது கண்ணிற் குருதி கண்டவுடன் தம் கண்ணையே அப்பிக் கண்ணப்பரானவர் அவ்வேடர். எனினும் சிவகோசரியாரின் பெருமையையும் யாம் மறத்தல் தகாது. தாம் இகழ்ந்தவனின் செயலை மறைந்து நின்று பொறுமையாகக் காணும்படி பணிக்கப்பட்டார், கண்டார். கற்றார்க்கு உரிய தவம் அதுவே.

இவ்விசாரணை ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் எமக்கு மேற்கேயிருந்த காட்டை வயலாக்கியது. நாகரிகத்தின் வெற்றியென்று புகழப்பட்டது. 1956 ஜூன் மாதத்தில் அப்பள்ளத்தாக்கிலேயே தமிழர் இனவெறிக்கு இரையாயினர். 1990 இல் இக்கரையோரத்துத் தமிழூர்களிலும் முஸ்லிம் ஊர்களிலும் குருதி சிந்தியது. ஒரே தமிழைப் பேசி, ஒரே சந்தையில் மீன் வாங்கி, மருதமுனை நெசவை இரு சாராரும் உடுத்த மக்கள்! அயலவன் முகம் மறைந்து அவன் கூட்டத்தின் பெயர் மாத்திரம் கண்ணிற்பட்ட அன்றே காடு எம் ஊருக்குள் வந்துவிட்டது. வுல்ஃப் காட்டிய காடு மரங்களாலாயதன்று என்பதை எம் தலைமுறை கண்ணாரக் கண்டது.

ஆசிரிய நண்பர்காள்! காடு ஊருக்குள் வரும் முதல் வழி ஒரு பெயர். குரூசோ இட்டதும் பெயரே. யாம் அப்பிள்ளைக்கு இட்டதும் பெயரே. அயற்சமயத்துப் பிள்ளையைக் குறித்தும், குறைந்த தொழில் என்று கருதப்படுவோர் பிள்ளையைக் குறித்தும் எம் வகுப்புகளில் வழங்கும் பெயர்களை எண்ணிப்பாருங்கள். அவற்றை விலக்குதற்குப் பொருட்செலவு வேண்டா. மேலிடத்து உத்தரவும் வேண்டா. பிள்ளையின் பெயரைச் சொல்லி அழைத்து, அவன் அறிந்தது யாதென்று ஒருமுறை கேட்டாற் சாலும்.

எம் மாணாக்கன் திரும்பி வந்தான். எந்த மரத்தில் எப்பருவத்துத் தேன் கூடும் என்பதை வகுப்புக்குச் சொல்லுமாறு கேட்டோம். அவன் சொல்லிமுடிக்கும்வரை ஒருவரும் நகைத்திலர். அன்று கேட்டுக் கற்றவருள் யாமும் ஒருவரானோம்.

திருவருள் முன்னிற்க.