மண்ணுக்கடியில் யாருடைய பங்கு?

ஒக்கம்பிட்டியப் பகுதியில் மாணிக்கக் குழி வெட்டப்படுவதற்கு முன்னரே பங்கு பேசித் தீர்க்கப்பட்டுவிடும். குழிக்குள் இறங்குபவர்களுக்கு ஒரு பங்கு, அவர்களுக்குச் சோறிட்டுச் செலவைத் தாங்குபவனுக்கு ஒரு பங்கு, நீரிறைக்கும் இயந்திரத்துக்கு ஒரு பங்கு, அனுமதிப்பத்திரம் பெற்றவனுக்கு ஒன்று, நிலத்துக்குரியவனுக்கு ஒன்று. இந்தக் கடைசிப் பங்கு பல இடங்களில் ஐந்தில் ஒன்றாக இருக்கிறது. கணக்கு இடத்துக்கிடம் மாறும். ஆனால் நிலப்பங்கு இல்லாத கணக்கு அரிது. 'இல்லம்' எனப்படும் கற்சரளையைக் கூடையிலிட்டு அரித்துக் கழுவும் நாளில், பங்காளிகளோ அவர்களின் ஆட்களோ கரையில் நின்று கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பர். இதனைக் கிராமிய ஒற்றுமையின் அடையாளமென்று சிலர் புகழ்வர். நமக்கோ, ஒழுங்கு செய்யப்பட்ட அவநம்பிக்கையாகவே அது தோன்றுகிறது.

இயந்திரத்துக்குப் பங்கு தருவதன் நியாயம் விளங்குகிறது, நீரிறைக்காவிடில் குழியில்லை. சோறிட்டவன் தன் பணத்தை இழக்கவும் துணிந்தான். நிலத்துக்குரியவன் தந்தது என்ன? "வெட்டலாம்" என்ற ஒரு சொல். அந்தச் சொல்லுக்கு ஐந்தில் ஒன்று எவ்வாறு விலையாயிற்று?

"என் வயல் பாழாகிறதே" என்பான் அவன். சிறு விவசாயியாயின் அது பொய்யன்று. வெட்டிய மண்ணில் மேல்மண் கீழும் கீழ்மண் மேலுமாகிவிடும். மூடப்படாத குழியில் நீர் தேங்கி நுளம்பு பெருகும். மறுபோகம் நெடுங்காலம் தள்ளிப்போகும். இந்த நட்டத்துக்கு ஈடு கேட்பது முழு நியாயம். ஆயினும், அழிந்த வயலின் அளவே இழப்பீட்டின் அளவு. நிலப்பங்கோ கிடைத்த கல்லின் அளவு. பெரிய நீலக்கல் ஒன்று அகப்பட்டதனால் வயல் மேலும் ஒரு சாண் பாழாவதில்லை. ஆனால் உரியவனின் பங்கு பன்மடங்கு பெருகுகிறது. கல்லே கிடைக்காவிட்டால், வயலை இழந்த ஏழைக்கு ஒன்றுமே இல்லை! ஆகவே இழப்பீடும் நிலப்பங்கும் ஒன்றல்ல. இரண்டையும் ஒரே பெயரில் கலந்துவிடுவது பெரிய நிலக்காரனுக்கே வசதி. ஏழையின் கண்ணீரைக் காட்டி அவன் தன் பங்கை நியாயப்படுத்திக்கொள்கிறான்.

பிரித்தானியாவில் நிலக்கரிக்கு நிலப்பிரபுக்கள் தொன்னுக்கு இவ்வளவென 'றோயல்டி' வாங்கி வந்தனர். 1919இல் சாங்கி ஆணைக்குழுவின் முன் நோதம்பர்லாந்துப் பிரபுவை நிறுத்தி, அவருடைய உரிமையின் மூலம் யாதெனக் கேள்வி கேட்டவர் சுரங்கத் தொழிலாளர் தலைவர் ரொபேட் ஸ்மைலி. அக்கேள்விக்குச் சட்டத்தில் விடை பிறக்க 1938 ஆயிற்று. அந்த ஆண்டின் நிலக்கரிச் சட்டம் கரியின் உரித்தை நாட்டுடைமையாக்கியது. பிரபுக்களுக்கு 6 கோடி 64 இலட்சத்து 50 ஆயிரம் பவுண் ஈடும் வழங்கியது. பறித்தவனுக்கே ஈடு வழங்கும் அந்தப் பெருந்தன்மையைச் சுரங்கத்தில் மாண்டவனின் விதவை என்னவென்று நினைத்திருப்பாளோ! இந்திய உச்சநீதிமன்றம் 2013இல், மலபாரின் ஜன்ம நிலங்களில் அடிமண் கனிமம் நிலத்துக்குரியவனையே சேரும் என்றது. இலங்கையிலோ 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனிப்பொருட்கள் சட்டம், மேல்நிலம் எவருடையதாயினும் கனிப்பொருளின் உரித்து குடியரசுக்கே என்கிறது. இரத்தினக்கல்லுக்கு வேறு சட்டம், வேறு அதிகாரசபை. கடலைக் கடந்தால் உரிமை கைமாறுமாயின், அது கல்லோடு பிறந்த உரிமையன்று. மனிதர் எழுதிய உரிமை. மனிதர் எழுதியதை மனிதர் திருத்தியும் எழுதலாம்.

ஊவாவில் அந்த எழுத்தின் வரலாறு கொடியது. 1817-18 கிளர்ச்சியை அடக்கிய ஆங்கிலேயர் வயல்களையும் வீடுகளையும் எரித்தனர். நிலங்களைப் பறிமுதல் செய்தனர். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், உரிமை நிறுவப்படாத காட்டையும் தரிசையும் முடிக்குரியனவென்றது. தலைமுறை தலைமுறையாகச் சேனை வெட்டியவனிடம் உறுதி எங்கே என்று கேட்டது. அவ்வாறு திரட்டிய மலைகளிலே முதலில் கோப்பி, பின்னர் தேயிலை. தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள் காட்டை அழித்துக் கான் வெட்டினர். 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களின் சந்ததியாருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. அவ்வநீதி முற்றாகத் தீராமல் 2003 வரை இழுபட்டது. 1972இலும் 1975இலும் வந்த நிலச்சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. லயத்தில் இருந்தவனுக்கு அடிநிலமும் சேரவில்லை. 1992இல் அமைக்கப்பட்ட பிராந்தியக் கம்பனிகளுக்கு அத்தோட்டங்கள் 53 ஆண்டுக் குத்தகைக்குப் போயின.

இத்தகைய தோட்டமொன்றின் ஓடைக்கரையில் நாளை இல்லம் தென்படுகிறதென்று வைத்துக்கொள்வோம். பேரம் பேச யார் உட்காருவர்? நிலத்துக்குரியதென அரசு, குத்தகைக்காரனெனக் கம்பனி, வெட்ட வரும் முதலாளி. ஐந்து தலைமுறையாக அந்தச் சரிவில் கொழுந்து பறித்தவளுக்கு அங்கே நாற்காலி இல்லை. ஏனெனில் அவளிடம் உறுதியில்லை.

'அரசுடைமையானால் எல்லாம் சரி' என்று நம்மவர் சிலர் நம்பியிருந்தனர். அரசும் நிலக்காரனைப் போலவே நடந்துகொள்ளக்கூடும் என்பதற்குத் தொலைவில் சான்று தேடவேண்டாம். உமா ஓயாத் திட்டத்தின் சுரங்கப்பாதைக்குள் 2014 டிசம்பரில் நீர் பாய்ந்தது. பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. அடிநிலத்தில் யாருக்கு உரிமை என்று சட்டம் சொல்லிற்று. யாருடைய கிணறு வற்றும் என்று சொல்லவில்லை. அதற்கு இரண்டு மாதம் முன்னர், ஒக்டோபர் 29இல், கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. அது அகழ்வின் விளைவன்று. ஆயினும் அபாய இடம் என்று முன்னரே எச்சரிக்கப்பட்ட சரிவில் மக்கள் தொடர்ந்து குடியிருந்ததன் காரணம், வேறிடத்தில் தமக்கென ஒரு துண்டு நிலம் இல்லாமையே.

எனவே எத்தனை சதவீதம் என்ற வாதத்தை மட்டும் பிடித்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. குத்தகை உறுதியில் வேறு சில எழுதப்பட வேண்டும். பங்கு கணக்கிடப்படுவது செலவு கழித்த மீதியிலா, விற்ற முழு விலையிலா? எடையையும் விலையையும் சரிபார்க்கும் உரிமை, குழிக்குள் இறங்குபவனின் பிரதிநிதிக்கு உண்டா? லயத்துக்கும் குடிநீர் ஊற்றுக்கும் எவ்வளவு தூரம் விட்டு வெட்டுவது? குழியை மூடுவதற்கான பணம், முதல் மண்வெட்டி விழுமுன் கட்டப்பட்டதா? ஒரே தடவை எடுத்து முடிந்துபோகும் பொருளுக்கு வரும் பணத்தில் ஒரு பகுதி, அவ்விடத்திலேயே தொடர்ந்து வாழப்போகிறவர்களின் காணிக்கும் வீட்டுக்குமென ஒதுக்கப்படுகிறதா? அந்த உறுதியில், லயத்து மக்கள் தேர்ந்தெடுத்த ஒருவரின் ஒப்பமும் இருக்கவேண்டும். வெறும் சாட்சியாக அல்ல, கட்சிக்காரராக.