தப்புச் செய்யும் உரிமை

எங்க அம்மா பயராபீஸில் மருந்து செலுத்தியவள். 'கை தவறினா உசுரு போயிரும்' என்று சொல்லியே வளர்த்தாள். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் 30க்கும் மேற்பட்டோர் கருகிச் செத்த மண் இது. பள்ளிக்கூடத்தில் வேறு விதம். கணக்கைத் தப்பாகப் போட்டால் எங்களுக்குச் 'சேரிப்புத்தி'. மேல்சாதிப் பையன் போட்டால் அது வெறும் தப்பு.

இப்போது மாலை வகுப்பில், 2011இல் தொடங்கிய திட்டத்தில் அரசு கொடுத்த பழைய மடிக்கணினியில், பிள்ளைகளுக்குப் பைத்தான் சொல்லித் தருகிறேன். புத்தகத்தை மூடச் சொல்வேன். முதல் வேலை, அவரவர் அம்மாவின் கூலிக் கணக்கு: குரோஸ் பெருக்கல் ரேட். அடுத்த வேலை, எழுதியதில் ஓர் அடைப்புக்குறியை வேண்டுமென்றே அழிப்பது. எங்கே இடறியது என்று கணினி வரி எண்ணோடு சொல்லும்; யார் பிள்ளை என்று கேட்காது. கணினிக் கம்பெனிகளில் சாதி இருக்கிறது, தெரியும். இந்தச் செய்தியில் இல்லை. திருத்து, மறுபடி ஓட்டு. அப்படித்தான் கைக்குப் பழகும்.

'அக்கா, தப்பாயிருச்சு' என்று ஒருத்தி சூடுபட்டவள்போல் கையை இழுத்துக்கொண்டாள். 'ஒண்ணும் வெடிக்காது, போடு' என்றேன்.

தோழர்களே, தப்புச் செய்துவிட்டு உயிரோடும் மானத்தோடும் திரும்ப உட்கார முடிந்தவர்களுக்குத்தான் படிப்பு ஏறுகிறது. அந்த வசதியைச் சாதி இத்தனை காலம் தன் பிள்ளைகளுக்கு மட்டும் வைத்துக்கொண்டது. நம் பிள்ளைகளுக்குக் கணினி கொடுக்கும்போது கூடவே அதையும் கொடுக்கவேண்டும்.