மறைத்தலும் உரைத்தலும்

அறப்பணியில் ஈடுபடும் அமைப்புகள் பலவும் இன்று மூன்று வகையான நெறிமுறைகளை எழுதி வைத்துக்கொள்கின்றன. அறங்காவலர்கள் எவ்வாறு முடிவெடுக்க வேண்டும், யாருக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்பது ஒன்று. உதவி பெறுவோர், நன்கொடை அளிப்போர் ஆகியோரின் சொந்த விவரங்களை எவ்வாறு காப்பது என்பது மற்றொன்று. அமைப்பினுள் முறைகேடு நடப்பதைக் கண்டவர் அதை அச்சமின்றித் தெரிவிக்க என்ன வழி என்பது மூன்றாவது. நிதி தருவோர் கேட்கிறார்கள் என்பதற்காக எழுதப்படும் இவை பெரும்பாலும் கோப்புகளில் உறங்குகின்றன. ஆயினும் அவற்றை அருகருகே வைத்துப் படிப்பவருக்கு ஓர் ஐயம் எழுவது இயல்பு. ஒன்று 'மறை' என்கிறது. மற்றொன்று 'சொல்' என்கிறது. வாய்மையை உயிராகக் கொள்ள வேண்டிய ஓர் அமைப்பு எதையேனும் மறைக்கலாமா? மறைக்கலாம் என்றால், எந்த எல்லையில் அந்த மறைவு குற்றமாகிறது?

இக்கேள்வியைக் கருத்தளவில் ஆராய்வதைவிட, இது வாழ்க்கையில் எதிர்ப்பட்ட ஓர் இடத்திற்குச் சென்று பார்ப்பது நல்லது. பொதுத்தொண்டு அமைப்புகள் பல தோன்றி வளர்ந்த புனே நகரம் அத்தகைய இடம்.

1863-ஆம் ஆண்டில் ஜோதிராவ் புலேயும் அவருடைய துணைவியார் சாவித்திரிபாயும் அந்நகரில் ஓர் இல்லத்தைத் தொடங்கினர். இளம் வயதிலேயே கணவனை இழந்து, மறுமணத்திற்கும் வழியின்றி, பெரும்பாலும் பிறருடைய வஞ்சனையால் கருவுற்ற பெண்களுக்கான இல்லம் அது. ஊராரின் பழிச்சொல்லுக்கு அஞ்சித் தம் உயிரையோ சிசுவின் உயிரையோ மாய்த்துக்கொள்ளும் நிலையில் இருந்தவர்கள் அங்கே வந்து இரகசியமாகப் பிள்ளை பெறலாம்; விரும்பினால் குழந்தையை எடுத்துச் செல்லலாம், இல்லையேல் அங்கேயே விட்டுச் செல்லலாம். அங்கு பிறந்த ஒரு மகவைத்தான் புலே தம்பதியர் யசுவந்த் என்னும் பெயருடன் தம் மகனாக வளர்த்தனர்.

இந்த இல்லத்தில் இரகசியம் என்பது தொண்டின் இடையே கடைப்பிடிக்கப்பட்ட ஒரு விதி மட்டுமன்று. இரகசியமே தொண்டு. வந்தவளின் பெயர் வெளியில் கசிந்திருந்தால், அவளுக்கு அளித்த உணவும் மருத்துவமும் பயனற்றுப் போயிருக்கும். எய்ட்ஸ் நோயாளியின் நிலையை அவருடைய இசைவின்றி வெளியிடக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் சட்டம் விதிப்பதும் இதே காரணத்தால்தான். உதவி பெறுபவர் தம்முடைய வறுமையையோ நோயையோ அவமானத்தையோ ஒருவரிடம் திறந்து காட்டுகிறார் என்றால், அதை அவர் உலகத்திற்குக் காட்டிவிட்டதாகப் பொருளில்லை. அரிசி மூட்டை வாங்கும் மூதாட்டியின் முகத்தைப் படமெடுத்து அச்சிட்டு மகிழும் அமைப்புகள் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

மறைப்பதெல்லாம் பொய்யாகிவிடும் என்று கருதுவோருக்கு மகாபாரதத்தின் கர்ண பர்வத்தில் கண்ணன் ஒரு கதை சொல்கிறான். கௌசிகர் என்றொரு தவசி. உண்மையே பேசுவது என்பது அவருடைய விரதம். கள்வர்களுக்கு அஞ்சி ஓடிவந்த சிலர் அருகிலிருந்த காட்டில் ஒளிந்துகொண்டனர். துரத்தி வந்த கள்வர்கள் தவசியிடம் வழி கேட்டனர். அவர் உள்ளதை உள்ளபடி சொன்னார். ஒளிந்திருந்தவர்கள் கொல்லப்பட்டனர், உண்மை பேசிய தவசி நரகத்தை அடைந்தார். அவர் தம்முடைய விரதத்தைக் காப்பாற்றிக்கொண்டார்; அதற்கான விலையைப் பிறர் தம் உயிரால் கொடுத்தனர்.

அதே இதிகாசத்தின் சபா பர்வம் இதற்கு நேர்மாறான காட்சியை வைத்திருக்கிறது. திரௌபதி சபையில் இழுத்து வரப்பட்டு நீதி கேட்கிறாள். பீஷ்மர் தர்மம் நுண்மையானது என்கிறார்; பெரியோர் பலர் வாய் திறக்கவில்லை. துரியோதனனின் தம்பியருள் ஒருவனான விகர்ணன் எழுந்து அவளுக்காகப் பேசுகிறான்; சிறுவன் என்று கர்ணன் அவனை அடக்குகிறான். அப்போது விதுரர் ஒரு பழைய நெறியை எடுத்துரைக்கிறார். ஒரு சபையில் கண்டிக்கத்தக்க செயல் நடந்து, அது கண்டிக்கப்படாமல் போனால், அந்தப் பாவத்தில் பாதி சபையின் தலைவரைச் சேரும். கால் பங்கு செய்தவரைச் சேரும். மீதிக் கால் பங்கு பார்த்துக்கொண்டிருந்த சபையோரைச் சேரும்.

இந்தக் கணக்கு வியப்பூட்டுவது. குற்றம் செய்தவனுக்குக் கால் பங்கு. தலைமைப் பீடத்தில் இருந்தவனுக்கோ அதைப்போல் இரு மடங்கு. 'எனக்குத் தெரியாது, எல்லாம் காரியதரிசிதான் பார்த்துக்கொண்டார்' என்று கூறும் அறங்காவலரை விதுரர் விடுவிக்கவில்லை. நிர்வாக நெறி என்று இன்று நூறு பக்கங்களில் எழுதப்படுவதன் சாரம் இந்த ஒரு கணக்கில் அடங்கியிருக்கிறது.

பீஷ்மரின் மௌனமும் புலே இல்லத்தின் மௌனமும் வெளிப்பார்வைக்கு ஒன்றே. இரண்டிலும் தெரிந்தவர்கள் பேசவில்லை. வேறுபாடு எங்கே இருக்கிறது? மௌனத்திற்கான விலையை யார் கொடுக்கிறார் என்பதில் இருக்கிறது. புனேயில் புலே தம்பதியர் ஊராரின் ஏச்சைத் தாம் தாங்கி, வலுவற்ற பெண்ணைக் காத்தனர். அஸ்தினாபுரத்தில் பெரியோர் தம் நிலையைக் காத்துக்கொண்டு, வலுவற்ற பெண்ணை விலையாகக் கொடுத்தனர். மறைத்தல் அறமா, மறமா என்பதை அறிய இந்த உரைகல் பெரும்பாலும் போதுமானது.

ஆனால் எல்லாச் சூழல்களும் இவ்வளவு தெளிவாக அமைவதில்லை. புனேயின் வரலாற்றிலேயே இந்த உரைகல்லைக் கடுமையாகச் சோதிக்கும் நிகழ்ச்சி ஒன்று உண்டு.

1897-இன் தொடக்கத்தில் பிளேக் நோய் புனேயைத் தாக்கியது. அவ்வாண்டு பிப்ரவரியில் கொள்ளைநோய்ச் சட்டம் பிறந்தது. ராண்ட் என்னும் அதிகாரியின் தலைமையில் பிளேக் குழு அமைந்தது. வீடுகளைச் சோதிக்க ஆங்கிலச் சிப்பாய்கள் அனுப்பப்பட்டனர். பூசையறைக்குள்ளும் பெண்கள் பகுதிக்குள்ளும் அவர்கள் நுழைந்தது மக்களைக் கொதிப்படையச் செய்தது. ஜூன் 22 அன்று ராண்டும் அயர்ஸ்ட் என்னும் மற்றோர் அதிகாரியும் சுடப்பட்டனர். அப்போது கோபால கிருஷ்ண கோகலே, இந்தியாவின் அரசுச் செலவினங்கள் குறித்த வெல்பி கமிஷன் முன் சாட்சியம் அளிக்க இலண்டன் சென்றிருந்தார். வயது முப்பத்தொன்று. புனேயிலிருந்து நண்பர்கள் அவருக்குக் கடிதங்கள் எழுதியிருந்தனர். சிப்பாய்கள் பெண்களிடம் மானக்கேடாக நடந்துகொண்டதாகவும், அதனால் ஓர் உயிர் போனதாகவும் அவற்றில் கண்டிருந்தது. கோகலே அதை 'மான்செஸ்டர் கார்டியன்' பத்திரிகையில் வெளிப்படுத்தினார். பம்பாய் அரசு திட்டவட்டமாக மறுத்தது, ஆதாரம் கேட்டது.

கோகலே நாடு திரும்பியபோது, கடிதம் எழுதியவர்கள் முன்வரத் தயாராக இல்லை. அவர்களைக் கோழைகள் என்று சொல்வது எளிது. ராண்ட் கொலையைத் தொடர்ந்து நகரம் காவலர்களின் பிடியில் இருந்தது. ஜூலை இறுதியில் திலகர் கைதானார். இராஜத்துரோக வழக்கில் செப்டம்பரில் பதினெட்டு மாதச் சிறைத்தண்டனை பெற்றார். சாட்சி சொன்னால் கடிதம் எழுதியவருக்கு மட்டுமன்றி, பாதிக்கப்பட்டதாகக் கூறப்பட்ட குடும்பங்களுக்கும் அவமானம் நேரும். கோகலே முன் இரு வழிகள் இருந்தன. பெயர்களைக் கூறித் தம்மை விடுவித்துக்கொள்வது ஒன்று. நிரூபிக்க இயலாத குற்றச்சாட்டைத் திரும்பப் பெறுவது மற்றொன்று. அவர் இரண்டாவதைத் தேர்ந்தார். ஆளுநர் சாண்ட்ஹர்ஸ்ட் பிரபுவிடமும், பிளேக் குழுவிடமும், சிப்பாய்களிடமும் நிபந்தனையற்ற மன்னிப்புக் கோரினார். பெயர்களை அரசிடம் கொடுக்கவில்லை. இங்கிலாந்தில் பொய்யர் என்றும், தாய்நாட்டில் கோழை என்றும் பேச்சுக் கேட்டார். அவ்வாண்டு இறுதியில் அமராவதியில் கூடிய காங்கிரஸில் அவருக்கு வரவேற்பு இல்லை.

நம்பிச் சொன்னவர்களின் பெயரைக் காத்தார், அதற்கான விலையைத் தாமே கொடுத்தார் என்ற அளவில் கோகலேயின் மௌனம் உரைகல்லில் தேறிவிடுகிறது. ஆயினும் இதில் நெருடல் ஒன்று மீந்து நிற்கிறது. கடிதங்கள் கூறியது உண்மையாக இருந்திருந்தால்? அந்த மன்னிப்பு, பாதிக்கப்பட்ட பெண்களின் முறையீட்டிற்கு இறுதியாக இட்ட பூட்டு அல்லவா? அந்த விலையை அவர்களும் சேர்ந்தே கொடுத்தனர் என்றுதான் சொல்ல வேண்டும். உறுதி செய்யாத செய்தியைப் பத்திரிகையில் வெளியிட்டது கோகலேயின் பிழை. அந்தப் பிழை நேர்ந்த பின் அவர் செய்தது பெருந்தன்மை. ஆனால் பிழையின் வேர் வேறிடத்தில் இருந்தது. குறை கூற விரும்பியவர் செல்ல வேண்டிய வாயில், யார் மீது குறை இருந்ததோ அவர்கள் கையிலேயே இருந்தது. பிளேக் குழுவின் மீதான புகாரைப் பிளேக் குழுவிடமா கொடுப்பது? அதனால்தான் உண்மை கடல் கடந்து, உறுதி செய்ய முடியாத வடிவில், பத்திரிகையில் வெடித்தது.

அமைப்புகளை நடத்துவோர் இதைப் பாடமாகக் கொள்ள வேண்டும். காரியதரிசியின் மீதான புகாரைக் காரியதரிசியே பிரித்துப் படிக்கும் அமைப்பில், புகார் ஒன்று புழுங்கிச் சாகும், அல்லது தெருவில் வெடிக்கும். புகாரைப் பெறுபவர் அன்றாட நிர்வாகத்தில் கை வைக்காதவராக இருத்தல் வேண்டும். பெயரைக் காக்க வேண்டும். ஆனால் சொன்னதைச் சோதிக்கவும் வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவருக்கும் மானம் உண்டு. விசாரணை முடியுமுன் அவர் பெயரைக் கசியவிடுவதும் கௌசிகரின் பாவமே.

பெயரைக் காப்பது எவ்வளவு முக்கியம் என்பதைப் பிற்காலத்து நிகழ்ச்சி ஒன்று காட்டுகிறது. தேசிய நெடுஞ்சாலைப் பணியில் பொறியாளராக இருந்த சத்யேந்திர துபே, 2002-இல் பிரதமருக்கு முறைகேடுகள் பற்றிக் கடிதம் எழுதினார். தம் பெயரை வெளியிட வேண்டாம் என்றும் வேண்டினார். கடிதம் பெயருடனேயே அலுவலகம் அலுவலகமாகப் பயணம் செய்தது. 2003 நவம்பரில் அவர் கயையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அது கொள்ளையரின் செயல் என்று விசாரணை முடிவு கூறியது, அப்படியே இருக்கட்டும். கேட்டுக்கொண்ட இரகசியம் காக்கப்படவில்லை என்பது மட்டும் மாறாது. அதன் பிறகே 2004-இல் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்திடம் இத்தகைய புகார்களைப் பெறும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. 2014-இல் தனிச் சட்டமும் இயற்றப்பட்டது. இவை அரசு ஊழியர் தொடர்பான முறைகேடுகளுக்கானவை. ஓர் அறக்கட்டளையின் கணக்கர் தம் நிர்வாகியைப் பற்றிச் சொல்ல நேர்ந்தால், அவருக்குப் பெரும்பாலும் அந்த அறக்கட்டளை தானே எழுதிக்கொண்ட வாக்குறுதியே துணை.

கோகலே பின்னாளில், 1905 ஜூன் 12 அன்று, புனேயில் இந்திய ஊழியர் சங்கத்தை நிறுவினார். தமிழகத்தின் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார் 1907-இல் அதில் சேர்ந்தார். 1915-இல் கோகலே மறைந்த பின் அதன் தலைவரானார். உறுப்பினர் ஏற்க வேண்டிய ஏழு உறுதிமொழிகளில் இரண்டு இங்கே நோக்கத்தக்கவை. தமக்கென்று பணம் ஈட்டுவதில்லை என்பது ஒன்று. எவருடனும் தனிப்பட்ட பூசலில் இறங்குவதில்லை என்பது மற்றொன்று. பூசல் வேறு, முறையீடு வேறு. திருவள்ளுவர் புறங்கூறாமைக்குத் தனி அதிகாரம் வகுத்ததைக் காட்டி, நிர்வாகத்தின் குறையைச் சொல்பவரை வாயடைக்கச் செய்வோர் உண்டு. புறங்கூறுபவன் தீர்வை விரும்புவதில்லை. திருத்த வல்லவரிடம் செல்லாமல் மற்றெல்லாரிடமும் செல்கிறான். முறையிடுபவன் திருத்த வல்லவரைத் தேடிச் செல்கிறான். மகாராஷ்டிரத்தின் அறக்கட்டளைகளை ஆளும் 1950-ஆம் ஆண்டுச் சட்டம், முறையற்ற செலவுகளைத் தணிக்கையாளர் தம் அறிக்கையில் குறிப்பிட வேண்டும் என்று கடமையாகவே விதிக்கிறது. அவரை யாரும் புறங்கூறுபவர் என்பதில்லை.

ஆன்மிக அமைப்புகளுக்கு இதில் மற்றவற்றுக்கு இல்லாத அபாயம் ஒன்று இருக்கிறது. பிற இடங்களில் குறை கூறுபவரை வேலையை விட்டு நீக்குவார்கள். இங்கோ அவருடைய பக்தியையே ஐயுறுவார்கள். 'உன் அகங்காரம் பேசுகிறது', 'குருவின் பணிக்குக் களங்கம் தேடுகிறாய்' என்ற சொற்களுக்கு மறுமொழி இல்லை. சரணாகதி என்ற உயர்ந்த சொல் கணக்கேட்டின் மீது போர்த்தப்படும்போது, சீடன் தன் மனச்சாட்சியையே குற்றவாளியாக்கிக்கொள்கிறான். அமைப்பின் நற்பெயருக்காக மௌனம் காப்பதாகச் சொல்வோர், அந்த மௌனத்தின் விலையை உண்டியலில் பத்து ரூபாய் இட்ட ஏழைப் பெண்மணி கொடுக்கிறாள் என்பதைக் காண்பதில்லை. தன்னைப் பற்றிய நிந்தையைத் துறவி பொறுத்துக்கொள்ளலாம். அது அவனுடைய சாதனை. பிறருடைய பொருள் வீணாவதைப் பொறுத்துக்கொள்ள அவனுக்கு உரிமை இல்லை.

விதுரரின் கதை சபையோடு முடியவில்லை. பாண்டவர் காடேகிய பின், திருதராஷ்டிரன் அவரிடம் அறிவுரை கேட்டான். அவர் மீண்டும் அதையே சொன்னார்: பாண்டவருக்கு உரியதைத் திருப்பிக் கொடு, உன் மகனைக் கட்டுப்படுத்து. நீ அவர்கள் பக்கம் பேசுகிறாய், விரும்பினால் போய்விடு என்றான் அரசன். விதுரர் காட்டிற்குச் சென்று பாண்டவருடன் தங்கினார். பிரிவைத் தாங்க முடியாமல் அரசன் சஞ்சயனை அனுப்பி அவரைத் திரும்ப வரவழைத்தான். மன்னிப்புக் கேட்டுத் தழுவிக்கொண்டான். அவர் சொன்ன அறிவுரையை மட்டும் அவன் கடைசி வரை ஏற்கவில்லை.