கிழங்கின் பொறுமை

பொறுமையைப் புகழ்வதில் நாம் யாருக்கும் சளைத்தவர்கள் அல்ல. ஒரு பெண்ணைப் பற்றி, "பூமாதேவி மாதிரி பொறுமை" என்று சொல்லிவிட்டால், அதற்கு மேல் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை என்று நினைக்கிறோம். அவள் எதைப் பொறுத்தாள், அப்படிப் பொறுக்கும்படி வைத்தவர் யார், இன்னும் எத்தனை நாள் பொறுக்க முடியும் என்ற கேள்விகளெல்லாம் அந்த ஒரு புகழுரைக்குள் மறைந்து போய்விடுகின்றன. புகழ்ந்தவருக்கும் திருப்தி, கேட்டவருக்கும் திருப்தி. பொறுத்தவளுக்கு என்ன என்பதை மட்டும் யாரும் விசாரிப்பதில்லை.

இந்த விஷயத்தைப் பற்றி என்னை யோசிக்க வைத்தது ஒரு நீதி நூல் அன்று; ஒரு காட்டுக் கொடி.

திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தின் பின்புறமாக மலைமேல் ஏறினால் கந்தாசிரமத்துக்கு ஒரு பாதை போகிறது. அடிவாரத்துப் புதர்களைச் சற்றுக் கவனித்துப் பார்க்கிறவர்கள், ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அங்கே காந்தள் மலர்ந்திருப்பதைக் காணலாம். கொடிக்கென்று தனியாகப் பற்றுச் சுருள் கிடையாது. இலையின் நுனியே சுருண்டு பக்கத்துச் செடியைப் பிடித்துக்கொள்ளும். பூவுக்கு ஆறு இதழ்கள். ஓரம் அலை அலையாக நெளிந்து, பின்னோக்கி வளைந்து நிற்கும். விரியும்போது பச்சை, பிறகு மஞ்சள், முடிவில் நெருப்பின் சிவப்பு. ஒரு சிறு தீபத்தைக் காற்றில் பிடித்தாற்போல இருக்கும். மலையுச்சியில், ஏறத்தாழ 2,700 அடி உயரத்தில், மகா தீபம் ஏற்றுகிற அதே பருவத்தில் அடிவாரத்திலும் பூப்பதால், கார்த்திகைப் பூ என்ற பெயர் இதற்கு இவ்வூரில் வேறெங்கும்விட நன்றாகப் பொருந்துகிறது. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் பூக்களை வரிசையாக அடுக்கிக்கொண்டு போகும்போது முதலிடம் கொடுத்தது இதற்குத்தான். இன்று தமிழ்நாட்டின் மாநில மலரும் இதுவே.

பூவைப் பார்த்தவர்கள் அநேகர். கிழங்கைப் பார்த்தவர்கள் சிலரே. அது கலப்பை போல வளைந்திருப்பதால் கலப்பைக் கிழங்கு என்று ஒரு பெயர் வந்தது. கண்வலிக் கிழங்கு என்றும் சொல்வார்கள். மாசி பிறந்தால் மேலே கொடி இருந்த அடையாளமே இருக்காது. தண்டும் இலையும் காய்ந்து உதிர்ந்துவிடும். பங்குனி, சித்திரை வெயிலில் பாறைகள் கொதிக்கும்போது கிழங்கு மட்டும் மண்ணுக்குள் படுத்திருக்கும். மழை விழுந்து ஈரம் இறங்கிய பிறகுதான் முளை கண் விழிக்கும்.

அந்தக் கோடைக் காலத்தில்தான் மலையில் தீப்பிடிக்கிறது. அணைக்காமல் எறிந்த பீடித் துண்டோ, புதுப் புல் துளிர்க்கட்டும் என்று யாரோ வைத்த நெருப்போ, போதைப்புல் முழுவதும் ஓடிப் பரவிவிடும். விறகுக்கு வெட்டியும், ஆடு மாடு மேய்த்தும், ஆண்டுதோறும் எரித்தும் சென்ற நூற்றாண்டில் இந்த மலை மொட்டையாகிப் போயிருந்தது. 1980களின் பிற்பகுதியிலிருந்து பலர் கூடிக் கன்று நட்டு, தீத்தடுப்புக் கோடுகள் வெட்டி, தீப்பிடித்தால் இரவென்றும் பாராமல் இலைக் கொத்துகளோடு ஓடி அடித்து அணைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பச்சையை மீட்டிருக்கிறார்கள். ஆனாலும் தீ அடியோடு ஓய்ந்துவிடவில்லை.

கருகிக் கிடந்த ஒரு சரிவைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, புல்லறுக்க வந்த ஒரு மூதாட்டியிடம், "எல்லாம் போய்விட்டதே அம்மா!" என்றேன்.

"எங்க போவுது சாமி? கெழங்கு உள்ள கெடக்குது இல்ல? ரெண்டு மழ பேஞ்சா வந்துடும்" என்று அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

அவள் சொன்னது வாஸ்தவந்தான். கிழங்கு வரத்தான் செய்யும். மேலே ஓடிய நெருப்பின் சூடு மண்ணுக்குள் வெகு ஆழம் இறங்குவதில்லை. அவள் சொற்களில் குற்றமும் இல்லை. அழிவைக் கண்டு கலங்காத நெஞ்சின் நம்பிக்கை அது. ஆனால் அதே வாக்கியத்தைத் தீ வைத்தவன் வாயில் வைத்துப் பாருங்கள். "வைத்தால் என்ன? கிழங்கு உள்ளேதானே இருக்கிறது? வந்துவிடும்." ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. ஆனால் நம்பிக்கையாக இருந்தது இப்போது அனுமதிச் சீட்டாகிவிட்டது!

கிழங்கின் வாழ்க்கைக் கணக்கைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் இந்த அனுமதிச் சீட்டு எவ்வளவு பொய்யானது என்பது விளங்கும். காந்தளின் கிழங்கு என்றும் வற்றாத பொக்கிஷம் அன்று. ஒவ்வோர் ஆண்டும் கொடி பழைய கிழங்கைத் தின்றே எழுகிறது. இலை விரிந்த பிறகு வெயிலில் சமைத்த உணவைக் கீழே அனுப்பிப் புதுக் கிழங்கை உண்டாக்குகிறது. பழையது சுருங்கி மறைகிறது. அதாவது, நாம் போன வருஷம் பார்த்த கிழங்கு இந்த வருஷம் இல்லை. அது தன்னைச் செலவழித்து இன்னொன்றை வைத்துவிட்டுப் போயிருக்கிறது. இலை விரிந்திருக்கும் சில மாதங்களில் யாராவது அதை அறுத்துவிட்டால் புதுக் கிழங்கு சிறுத்துவிடும். அடுத்த ஆண்டு கொடி மெலியும். அதற்கடுத்த ஆண்டு பூ இருக்காது. பிறகு ஒரு மழையில் எதுவும் வராது. அப்போது நாம், "ஏனோ பட்டுப்போய்விட்டது" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவோம்.

முளைக்கும் கண்ணும் கிழங்கு முழுவதிலும் இல்லை. ஒவ்வொரு கையின் நுனியிலும் மட்டுமே இருக்கிறது. நுனி ஒடிந்தால் மிச்சமுள்ள கிழங்கு எவ்வளவு பருமனாக இருந்தாலும் அந்தக் கை முளைக்காது. விதையிலிருந்து வளரலாமே என்றால், விதைக் கன்று பூக்கும் பருவத்தை எட்டச் சில ஆண்டுகள் ஆகும்.

தீயாவது மேலோடு போகிறது. கடப்பாரை உள்ளே போகிறது. காந்தளின் உடம்பு முழுவதிலும் கோல்ச்சிசின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. கீல்வாதத்தின் ஒரு வகைக்கு அதுவே அளவோடு கொடுத்தால் மருந்து. அதனால் இதன் விதைக்கு வெளிநாட்டில் நல்ல விலை. ஒட்டன்சத்திரம், மூலனூர், தாராபுரம் பக்கங்களில் கம்பிப் பந்தலும் முள்வேலியும் போட்டு இதைப் பயிராகவே வளர்க்கிறார்கள். காலையில் பூப் பூவாகப் போய்க் கையாலேயே மகரந்தம் தொட்டு வைக்கிறார்கள். உழைத்துப் பயிர் செய்கிற அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் நடுவதற்குக் கிழங்கு வேண்டுமே! அதற்காகக் காடுகளில் தோண்டியவர்களும் உண்டு. காட்டுக் காந்தள் பல இடங்களில் அருகிப்போனதற்கு அதுவும் ஒரு காரணம். ஆட்டிடமிருந்தும் மாட்டிடமிருந்தும் தன்னைக் காத்துக்கொள்ள அந்தக் கொடிக்கு நஞ்சு இருக்கிறது. மனிதனிடமிருந்து காத்துக்கொள்ள அதற்கு ஒன்றுமே இல்லை. மனிதனின் மனச்சாட்சி இருந்தால்தான் உண்டு.

இனி வீட்டுக்குள் வருவோம். தகப்பனார் தவறிப்போன குடும்பத்தில் மூத்தவளாகப் பிறந்த ஒருத்தி வேலைக்குப் போகிறாள். தம்பி படிக்க வேண்டும், பொறுக்கிறாள். தங்கைக்குக் கல்யாணம், பொறுக்கிறாள். தம்பி படித்து முடித்து, மனைவியோடு தனிக் குடித்தனம் போகிறான், அதையும் பொறுக்கிறாள். "அக்காவைப் போல உண்டா! அவள் எதையும் தாங்குவாள்" என்று எல்லாரும் சொல்கிறார்கள். சொல்லிவிட்டு அடுத்த பாரத்தை அவள் தலையிலேயே வைக்கிறார்கள். அவளுக்கும் வயது ஆகிறது, அவளுக்கும் ஒரு பருவம் இருந்து போயிற்று என்பது எவர் கணக்கிலும் வருவதில்லை. வாசகர்களுக்கு இப்படி ஒருத்தியைத் தெரியாமல் இருக்காது. அவளைப் புகழ்ந்தவர்கள் பொல்லாதவர்களும் அல்ல. ஆனால் அந்தப் புகழ்ச்சி அவர்களுக்கு மிகவும் சௌகரியமாக இருந்தது.

தன்னைத் தோண்டுகிறவனையும் தாங்கும் நிலத்தைப் பொறுமைக்கு உவமையாகச் சொன்னார் வள்ளுவர். அந்தக் குறளைத் திருப்பித் திருப்பி மேற்கோள் காட்டுகிறோம். ஆனால் அது யாரைப் பார்த்துச் சொன்னது? இகழப்பட்டவனைப் பார்த்து. "நீ பொறு, அது உனக்குப் பெருமை" என்று அவனுக்குச் சொன்ன புத்தி அது. தோண்டுகிறவனைப் பார்த்து, "நிலம் தாங்கும், ஆகவே தோண்டு" என்று வள்ளுவர் சொல்லவில்லை. ஒருவன் தனக்குத் தானே விதித்துக்கொள்ளும்போது பொறுமை தர்மம். அடுத்தவனுக்கு அவன் விதிக்கும்போது, அதுவும் தான் செய்த தீங்கைப் பொறுக்கும்படி விதிக்கும்போது, அதற்கு வேறு பெயர் உண்டு. சுரண்டல் என்பது அந்தப் பெயர்.

பாரதத்தில் இந்த வழக்கைத் திரௌபதி நடத்தியிருக்கிறாள். வனவாசத்தில் தர்மபுத்திரரோடு அவள் வாதாடுகிறாள். எப்போதும் பொறுப்பதும் நன்மையன்று, எப்போதும் சினப்பதும் நன்மையன்று என்று பிரகலாதன் தன் பேரனுக்குச் சொன்னதை எடுத்துக் காட்டுகிறாள். தர்மபுத்திரர் பொறுமையின் பெருமையைச் சொல்லி விடை கூறுகிறார். இருவர் வாதத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. சூதாடித் தோற்றவர் தர்மபுத்திரர். சபைக்கு இழுத்து வரப்பட்டவள் திரௌபதி. அவருடைய பொறுமைக்கு விலை கொடுத்தவள் அவள்.

இதற்கு நேர்மாறான ஒரு நிகழ்ச்சி இந்த அண்ணாமலையிலேயே நடந்திருக்கிறது. ரமண மகரிஷி மலைமேல் வாழ்ந்த காலத்தில், ஒரு நாள் புதர்களின் ஊடே நடந்து போகும்போது அவர் கால் ஒரு குளவிக் கூட்டில் பட்டுவிட்டது. குளவிகள் சீறி வந்து, கூட்டைக் கலைத்த காலையே மொய்த்துக் கொட்டின. அவர் ஓடவில்லை, காலை நகர்த்தவும் இல்லை. குற்றம் செய்த கால் தண்டனையை ஏற்றுக்கொள்ளட்டும் என்று அவை ஓயும்வரை நின்றார். கால் வீங்கிப் போயிற்று. தெரியாமல் பட்டதுதானே என்று சமாதானம் சொல்லிக்கொள்ள அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. லட்சம் இலைகளைக் கிள்ளி அர்ச்சனை செய்ய விரும்பிய ஓர் அடியவரிடம், உன் உடம்பையே லட்சம் தரம் கிள்ளிப் பூஜை செய்யலாமே என்று அவர் கேட்டதாகவும் சொல்வார்கள்.

குளவிகள் பொறுக்க வேண்டும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. தீங்கு எந்தப் பக்கத்திலிருந்து வந்ததோ, பொறுமையும் அந்தப் பக்கத்திலிருந்தே வந்தது. நம் வழக்கம் இதைத் தலைகீழாக்கியது. நாம் கலைத்துவிடுகிறோம், குளவிகளுக்குச் சாந்தி உபதேசம் செய்கிறோம்.

"அப்படியானால் யாருமே எதையும் பொறுக்க வேண்டாமா? தாய் பிள்ளைக்காகப் பொறுக்கவில்லையா? பொறுமை இல்லாமல் ஒரு குடும்பம் ஒரு நாள் நடக்குமா?" என்று கேட்கலாம். நடக்காது. மண்ணைத் தோண்டாமல் ஒரு கவளச் சோறும் வராது என்பதும் உண்மைதான். ஆனால் குடியானவன் நிலத்தைத் தோண்டுகிறான், எருவிடுகிறான், தண்ணீர் பாய்ச்சுகிறான், ஒரு போகம் தரிசாகவும் விடுகிறான். வாங்குகிறவன் திருப்பிக் கொடுக்கவும் தெரிந்தவனாக இருந்தால் அது உறவு. தாயின் பொறுமையை வாங்கி வளர்ந்த பிள்ளை, அவளுடைய முதுமையைத் தான் தாங்குகிறான் அல்லவா? தாங்காதவனைத்தான் உலகம் பழிக்கிறது.

ஆகவே, ஒருவரைப் பொறுமைசாலி என்று புகழும் ஆசை வரும்போது, அவருக்கு இலை விரிக்க நேரம் கொடுத்திருக்கிறோமா என்று பார்க்க வேண்டும். ஒரு மாதமாவது அவர் பாரத்தை நாம் சுமந்திருக்கிறோமா? அவருக்கு என்ன வேண்டும் என்று ஒரு தடவையாவது கேட்டிருக்கிறோமா? கேட்டிருந்தால் தாராளமாகப் புகழலாம். கேட்கவில்லை என்றால், முதலில் புகழ்ச்சியை நிறுத்திவிட்டு அவர் கையில் இருக்கும் சுமையில் ஒன்றை வாங்கிக்கொள்வது நல்லது. வேண்டாம் என்றுதான் அவர் சொல்லுவார். சொல்லிச் சொல்லிப் பழகிய வாய் அது. அதை நம்பிவிடக் கூடாது.