காசு கொடுத்து வாங்கும் பயம்

பத்தாயிரம் அடி உயரத்தில் பறக்கிற விமானத்தின் கதவைத் திறந்து, 'ம்... குதிங்க சார்' என்று சொன்னால் குதிப்பீர்களா?

'எனக்கென்ன பைத்தியமா?' என்பவர்கள் ஒரு கட்சி. 'எவ்வளவு செலவாகும்?' என்பவர்கள் இன்னொரு கட்சி. இரண்டாவது கட்சிக்கு இப்போது ஆள் சேர்ந்துகொண்டே போகிறது. துபாய்க்கு வேலைக்குப் போன நம் பையன்கள், சேர்த்துவைத்த காசில் அங்கே பனைமரத் தீவுக்கு மேலிருந்து குதித்து, வீடியோவை அம்மாவுக்கு அனுப்புகிறார்கள். அம்மா அதை முழுசாகப் பார்ப்பதில்லை.

முதல் தடவை குதிப்பவரைப் பெரும்பாலும் தனியாக விடுவதில்லை. ஒரு பயிற்சியாளரின் நெஞ்சோடு சேர்த்து வாரால் கட்டிவிடுவார்கள், கங்காரு குட்டி மாதிரி. பாராசூட் அவர் முதுகில். மேலே போகப் போக நாக்கு வறளும். கதவு திறந்ததும் காதை அடைக்கிற காற்று. கால் வெளியே தொங்கும். அப்புறம் மணிக்குச் சுமார் 200 கிலோமீட்டர் வேகத்தில் கீழே போய்க்கொண்டிருப்பீர்கள். ராட்டினம் இறங்கும்போது வயிற்றைப் பிசையுமே, அதுகூட இருக்காதாம். காற்று மெத்தையில் குப்புறப் படுத்த மாதிரி இருக்கும் என்கிறார்கள். அரை நிமிஷமோ, முக்கால் நிமிஷமோ. ஐயாயிரம் அடி வாக்கில் பாராசூட் விரிந்ததும், இரைச்சல் எல்லாம் சட்டென்று நின்று ஓர் அமைதி வரும். அழுகையோ சிரிப்போ, வருவது அப்போதுதான்.

இதில் ஆபத்து எவ்வளவு? முதல் பாராசூட் சரியாக விரியாவிட்டால் இரண்டாவது இருக்கிறது. பயிற்சியாளர் மயங்கியே விழுந்தாலும், குறிப்பிட்ட உயரம் வந்ததும் அதைத் தானாகத் திறக்க ஒரு சின்னக் கருவி இருக்கிறது. அமெரிக்கப் பாராசூட் சங்கத்தின் கணக்குப்படி 2023-ல் அந்த நாட்டில் சுமார் 36.5 லட்சம் தடவை குதித்திருக்கிறார்கள். இறந்தவர்கள் 10 பேர். ஆக, பயம் முழுசு, ஆபத்து கொஞ்சம். மூளைக்கு இது தெரியும். உடம்புக்குத் தெரியாது. அது பாட்டுக்கு நெஞ்சைப் படபடவென்று அடித்துக்கொள்கிறது. பயங்கரம் கொஞ்சம் தள்ளி நின்றால் அதிலும் ஓர் இன்பம் உண்டு என்று எட்மண்ட் பர்க் 1757-லேயே எழுதிவிட்டார்.

எல்லாரும் இத்தனை பத்திரமாகக் குதிப்பதில்லை. புனேயைச் சேர்ந்த ஷீத்தல் மகாஜன் வாழ்க்கையில் முதன்முதலாகக் குதித்த இடம் எது தெரியுமா? வட துருவம்! 2004 ஏப்ரல் 18. வயது 21. அதற்கு முன்னால் ஒத்திகைக்குக்கூட ஒரு தடவை குதித்ததில்லை. மைனஸ் 37 டிகிரிக் குளிரில், ரஷ்ய ஹெலிகாப்டரிலிருந்து, 2,400 அடி உயரத்தில். 2006-ல் அண்டார்டிகாவிலும் குதித்தார். 2011-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அசாத்தியத் துணிச்சல், சந்தேகமே இல்லை. ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். கதவருகே அவர் 'வேண்டாம்' என்று தலையாட்டியிருந்தால் ஹெலிகாப்டர் திரும்பியிருக்கும்.

அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த மூத்த புஷ்ஷுக்கு முதல் தடவை அந்தத் தலையாட்டல் கிடைக்கவில்லை. 1944 செப்டம்பர் 2. வயது 20. பசிபிக் கடலுக்கு மேலே ஜப்பானியர் சுட்டதில் விமானம் எரிகிறது. குதித்தார். அவசரத்தில் பாராசூட்டைச் சீக்கிரமே திறந்துவிட, விமானத்தின் வால் தலையில் இடித்தது. கூட இருந்த இரண்டு பேரும் பிழைக்கவில்லை. 1997-ல், 72-வது வயதில், இதையாவது ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று மறுபடி குதித்தார். பிடித்துப்போய், 90-வது பிறந்த நாளில்கூடக் குதித்தார். அதே மனிதர், அதே வானம். ஆனால், இரண்டையும் ஒரே பெயரால் கூப்பிட முடியுமா? காசு கொடுத்துக் குதிக்கிறவர் பயத்தை வாங்குவதாக நினைக்கிறார். என்னைக் கேட்டால், அவர் வாங்குவது கடைசி நொடியில் 'வேண்டாம்' என்று சொல்லும் உரிமையை. அது கையில் இருப்பதால்தான் பயம் ருசிக்கிறது.

அந்த உரிமை இல்லாமல் கிளம்புகிறவர்களைப் பார்க்க பசிபிக் வரை போக வேண்டாம். புதுக்கோட்டை மாவட்டம், மணமேல்குடிக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோட்டைப்பட்டினம். அங்கே விசைப்படகில் முதல் தடவை ஏறுகிற பையனுக்கு இரண்டாவது பாராசூட் எதுவும் கிடையாது. 1974, 1976 ஒப்பந்தங்கள் போட்ட எல்லைக்கோட்டை ஜி.பி.எஸ். காட்டும். மீன் அதைப் பார்த்து நீந்துவதில்லை. (அந்தக் கோட்டைத் தாண்டிப் போடும் இழுவலை, எதிர்க்கரைத் தமிழ் மீனவரின் வயிற்றில் அடிக்கிறது என்பதும் நிஜம்தான். அதை மறைத்துவிட்டுப் பேசக் கூடாது.) 2021 ஜனவரியில் கோட்டைப்பட்டினத்திலிருந்து போன ஒரு படகு இலங்கைக் கடற்படைக் கப்பலோடு மோதியதில் நான்கு பேர் இறந்தார்கள். அதே வருஷம் அக்டோபரில் இன்னொரு மோதல். மூன்று பேர் போன படகில் இரண்டு பேர்தான் உயிரோடு திரும்பினார்கள். அடுத்த வாரமும் படகுகள் போக வேண்டியிருக்கும். வாங்கிய முன்பணமும் டீசல் கடனும் இருக்கும்போது யாரிடம் போய்த் தலையாட்டுவது?

அரிஸ்டாட்டில் இந்த விஷயத்தில் கொஞ்சம் கறார். உண்மையான வீரம் போர்க்களத்தில்தான், கடலில் சாவது அந்தக் கணக்கில் வராது, மாலுமிகள் கலங்காமல் இருப்பது அனுபவம் தரும் நம்பிக்கையால்தான் என்பார். பெரியவர் சொன்னதில் பாதியைத்தான் என்னால் ஏற்க முடிகிறது. அனுபவம் தைரியம் கொடுக்கும், சரி. அனுபவமே இல்லாமல் முதல் ராத்திரி போகிறானே, அவன் எந்தக் கணக்கில் வருவான்? ஆசைப்பட்டுக் குதிப்பவருக்கு வீரப்பட்டம், வேறு வழியில்லாமல் போகிறவனுக்குப் 'பாவம், பிழைப்பு' என்று ஓர் உச்சுக்கொட்டல். இதென்ன நியாயம்?

அந்த உச்சுக்கொட்டலில் இன்னொரு கோளாறும் இருக்கிறது. த்ரில் வசதியுள்ளவனுக்கு, கஷ்டம் மீனவனுக்கு என்று நகரத்தில் உட்கார்ந்துகொண்டு பங்கு பிரித்துவிடுகிறோம். முதல் ராத்திரி குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்து, பெரியவர்களின் கேலியில் சுருண்டு கிடந்த பையன்தான், நாலாவது தடவை படகு அலை மேல் ஏறி இறங்கும்போது 'ஹோ'வென்று கத்துகிறான். இருட்டில் வலையை இழுக்கும்போது தண்ணீர் மின்னுவதை வாய் பிளந்து பார்க்கிறான். வேறு வழியில்லாமல் போனவனுக்கும் அந்த நொடி அவனுடையதுதான்.

துபாயில் குதித்த பையனை ஊரே கேட்கிறது: 'டேய், எப்படிடா இருந்துச்சு?' விடிகாலையில் கோட்டைப்பட்டினத்தில் கரையேறுகிறவனைக் கேட்பது: 'எத்தனை கிலோ?' அந்தப் பக்கம் போனால் முதல் கேள்வியை அவனிடமும் கேட்டுப் பாருங்கள். கிலோ கணக்குக்கு அவசரமில்லை. அதை எப்படியும் ஏலத்தில் சத்தமாகச் சொல்வார்கள்.