காசு கொடுத்தவரும் முகம் கொடுத்தவரும்

கல்யாணப் படங்களை ஸ்டுடியோக்காரர் தன் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் போட்டுவிடுகிறார். எடுத்துவிடச் சொல்கிறார்கள் பெண் வீட்டார். நான் எடுத்த படம் என்கிறார் அவர். நாங்கள் காசு கொடுத்த படம் என்கிறார்கள் இவர்கள். ஓசூர்–ராயக்கோட்டை சாலையில் இருக்கும் உத்தனப்பள்ளி போன்ற ஊர்களில் எந்த மண்டபத்திலும் எழக்கூடிய இந்தச் சண்டையில், இந்தியச் சட்டம் பெண் வீட்டார் பக்கம் நிற்கிறது.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் படத்தை எடுத்தவரையே அதன் ஆசிரியர் என்கிறது. ஆனால் 17ஆம் பிரிவு ஒரு விலக்கு வைத்திருக்கிறது. ஒருவர் கேட்டு, அதற்குப் பணமும் கொடுத்து எடுக்கப்பட்ட படத்துக்கு, மாறான ஒப்பந்தம் இல்லாதவரை, கேட்டவரே முதல் உரிமையாளர். நெகட்டிவ் காலத்திலும் இதே சட்டம்தான். ஆனால் நெகட்டிவ் ஸ்டுடியோவின் பெட்டியில் இருந்ததால், உரிமையும் அங்கேயே இருப்பதாக எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். இன்று அந்தப் பெட்டியின் இடத்தில் ஹார்ட் டிஸ்க் வந்திருக்கிறது. அது யாருடைய மேசையில் இருக்கிறது என்பதை வைத்து உரிமையைத் தீர்மானிக்கும் பழக்கம் மட்டும் மாறவில்லை.

பிரிட்டனும் ஒரு காலத்தில் இதே விதியைத்தான் வைத்திருந்தது. 1988இல் அதை மாற்றிப் படமெடுப்பவருக்கே உரிமையைக் கொடுத்தது. கொடுத்த கையோடு, சொந்த, குடும்பத் தேவைக்காக எடுக்கச் சொன்ன படங்களை எடுக்கச் சொன்னவரின் சம்மதமின்றி வெளியிடக் கூடாது என்று தனிப் பிரிவும் எழுதியது. அந்தக் கவனத்துக்கு ஒரு பழைய வழக்கின் பின்னணி உண்டு. 1888இல் ஒரு பெண், கடையில் தன் படத்தை எடுத்துக்கொண்டார். கடைக்காரர் அந்த முகத்தையே கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையாக்கி விற்பனைக்கு வைத்தார். நீதிமன்றம் தடுத்தது. பதிப்புரிமையைக் காட்டி அல்ல. தன்னை நம்பி வந்து உட்கார்ந்தவரின் நம்பிக்கையை அந்தக் கடைக்காரர் முறித்துவிட்டார் என்பதால்.

இந்த விவகாரத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. நம் சட்டம் எடுத்தவரையும் காசு கொடுத்தவரையும் எண்ணிப் பார்க்கிறது. படத்தில் இருப்பவரை எண்ணுவதில்லை. கல்யாண போட்டோகிராபருக்கு அட்வான்ஸ் கொடுப்பவர் பெரும்பாலும் அப்பா, அல்லது மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர். 17ஆம் பிரிவின்படி உரிமையாளர் அவர். மணப்பெண், அவள் முகம் இல்லாத பக்கமே ஆல்பத்தில் இல்லாவிட்டாலும், தன் படத்துக்குச் சட்டப்படி உரிமையாளர் ஆகமாட்டாள். அந்தக் கல்யாணம் பின்னால் முறிந்துபோனால் அவள் யாரிடம் போய்ப் படத்தை எடுக்கச் சொல்வாள்? காசுக்கு உரிமை கொடுத்த சட்டம் முகத்துக்குக் கொடுக்க மறந்தது பெரிய குறை. தனிமனித அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும் அந்தக் குறை தீரவில்லை.

தன் உருவம் தன் கையை விட்டுப் போவது என்னவென்று ஓசூர்–ராயக்கோட்டைப் பகுதிக்குத் தெரியும். 2025 நவம்பரில், உத்தனப்பள்ளிக்குப் பக்கத்தில், மின்னணு ஆலை ஒன்றின் பெண்கள் விடுதிக் குளியலறையில் ரகசியக் கேமரா கண்டுபிடிக்கப்பட்டது. அங்கே தங்கியிருந்த பெண் தொழிலாளர்கள் திரண்டு போராடினார்கள். அது குற்றம்; தொழில் செய்து பிழைக்கும் ஸ்டுடியோக்காரரின் செயலோடு அதைச் சேர்த்துப் பேசுவது அநியாயம். ஆனாலும் எடுக்கப்பட்ட படம் எங்கே போயிருக்கும், யார் பார்த்திருப்பார்கள் என்ற அந்தப் பெண்களின் பயத்தைக் கேள்விப்பட்ட எவரும், "நல்லா வந்த படம்தானே, போட்டா என்ன?" என்று இனி லேசாகக் கேட்க முடியாது.

ஸ்டுடியோக்காரரின் பக்கத்திலும் நியாயம் உண்டு. எடுத்த படத்தைக் காட்டாமல் அவருக்கு அடுத்த ஆர்டர் வராது. கேண்டிட் எடுக்க நாள் கூலிக்கு வரும் இளைஞருக்குத் தன் வேலையைக் காட்ட வேறு வழியே இல்லை. சட்டத்தின் 57ஆம் பிரிவு, பதிப்புரிமை கைமாறினாலும், இதை எடுத்தவன் நான் என்று சொல்லும் உரிமையையும், தன் பெயருக்குக் கேடு வரும்படி படத்தைச் சிதைத்தால் எதிர்க்கும் உரிமையையும் அவரிடமே விட்டுவைக்கிறது. மூலையில் இருக்கும் பெயரை வெட்டியெறிந்துவிட்டுப் படத்தைப் பகிரும் குடும்பங்களும் தவறுதான் செய்கின்றன. எடுத்தவரின் பெயரைச் சொல்லிப் பகிர்வது அவர்களுக்கு ஒரு பைசா செலவும் வைக்காது.

ஆனால் பிழைப்பு என்பது சம்மதத்துக்கு மாற்று ஆகாது. மாறான ஒப்பந்தம் என்று சட்டம் சொல்லும் வாசல், பில்லின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சாகும் ஒரு ஆங்கில வரியாகச் சுருங்கிவிடக்கூடியது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழிகளாக இருக்கும், ஆலை வேலைக்கு வடமாநிலப் பெண்களும் வந்து குடியிருக்கும் ஒரு வட்டாரத்தில், அந்த வரியைப் படித்துக் கையெழுத்துப் போட்டவர் எத்தனை பேர் இருப்பார்கள்? படிக்காத வரியில் பெற்ற அனுமதி சட்டத்தில் செல்லலாம். அறத்தில் செல்லாது.

ஸ்டுடியோக்காரர்களே, அட்வான்ஸ் வாங்கும் அன்றே, காசு கொடுப்பவரிடம் மட்டுமல்ல, படத்தில் இருக்கப்போகும் பெண்ணிடமும், அவளுக்குப் புரியும் மொழியில், எந்தப் படத்தைப் போடலாம், எதைப் போடக் கூடாது என்று கேட்டுப் பில்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அவள் மனம் மாறிக் கேட்டாலும், வாதாடாமல் எடுத்துவிடுங்கள்.