சாவா மூவாப் பேராடும் முதலீட்டின் அறமும்

வணிகர் வழக்கில் முதல் என்பது குறையக் கூடாத பொருள். ஈடு என்பதோ இடு என்னும் வினை நீண்டு பெயரானது. இட்ட பொருள் கையை விட்டுப் போகிறது, முதலோ போகாமல் நிற்க வேண்டும் என்ற முரண் முதலீடு என்னும் சொல்லுக்குள்ளேயே கிடக்கிறது. பிறர் கையில் இட்ட பின் அப்பொருள் யாருடையது, அதற்கு அழிவு நேர்ந்தால் தாங்க வேண்டியவர் யார் என்னும் வினாவைப் பொருளியல் எழுதப்படுவதற்கு நெடுங்காலம் முன்பே சமயங்கள் எழுப்பிவிட்டன.

ஐரோப்பாவில் முதலீட்டைக் குறிக்கும் இன்வெஸ்ட்மென்ட் என்னும் சொல், ஆடை எனப் பொருள்படும் வெஸ்டிஸ் என்ற இலத்தீன் சொல்லினின்று பிறந்தது. உடுத்துவதே அதன் முதற்பொருள். ஆயருக்கு மோதிரமும் கோலும் அளித்துப் பதவியில் அமர்த்தும் இடைக்காலச் சடங்கும் அதே வேரிலிருந்து கிளைத்த பெயரையே பெற்றது. அதைச் செய்யும் உரிமை அரசனுக்கா போப்பாண்டவருக்கா என்று எழுந்த வழக்கு, 1077-இல் ஜெர்மானிய அரசன் நான்காம் ஹென்றியைக் கனோசாக் கோட்டை வாயிலில் பனியில் காத்து நிற்கவைத்து, 1122-இல் வோர்ம்ஸ் உடன்படிக்கையில்தான் ஓய்ந்தது. ஆன்மிக அதிகாரத்தின் அடையாளமான மோதிரமும் கோலும் திருச்சபையின் கைக்குச் செல்ல, உலகியல் உரிமைகளைச் செங்கோலால் வழங்கும் உரிமை மட்டும் பேரரசனிடம் நின்றது.

பணம் சரக்காக உருமாறுவதை இத்தாலிய வணிகர் 14-ஆம் நூற்றாண்டில் அதே இலத்தீன் வேரிலிருந்து வந்த சொல்லால் குறித்தனர்; ஆங்கிலத்தில் அப்பொருள் 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியாரின் கடிதங்கள் வழியே பரவியது. சென்னைக் கோட்டை ஆவணங்களில் அது பெரும்பாலும், நெசவாளருக்கு முன்பணம் தந்து இலண்டனுக்கு அனுப்பக் கொள்முதல் செய்த துணியையே குறித்தது. ஆடையில் பிறந்த சொல் துணிப்பொதிக்கே வந்து சேர்ந்தது விந்தைதான். ஆனால் 1765-இல் வங்கத்தின் வரி வசூல் உரிமையைப் பெற்ற கம்பெனி, அங்குள்ள மக்கள் கட்டிய வரியைக் கொண்டே அவர்களின் சரக்கை வாங்கி ஏற்றுமதி செய்து, அதற்கும் இப்பெயரையே இட்டது. பிரித்தானிய நாடாளுமன்ற உறுப்பினர் எட்மண்ட் பர்க் 1783-இல் இதைக் கண்டித்ததில் வியப்பில்லை. கம்பெனி தன் கையிலிருந்து முதலென்று எதையும் அங்கே இடவில்லை.

இட்ட பொருள் யாருடையது என்னும் வினாவைக் கிறித்தவ இறையியலில் கூர்மையாக அணுகியவர் 13-ஆம் நூற்றாண்டின் தாமஸ் அக்குவினாஸ். கடன் கொடுத்தவுடன் பணத்தின் உடைமை வாங்கியவனுக்குப் போய்விடுவதால், அதற்கு மேல் வட்டி கேட்பது இல்லாத ஒன்றை விற்பதாகும் என்றார் அவர். ஆனால் வணிகனோடு கூட்டுச் சேர்ந்து பணம் தந்தவன் உடைமையையும் இழப்பின் அச்சத்தையும் தன்னிடமே வைத்திருப்பதால், இலாபத்தில் பங்கு கேட்கலாம் என்றும் ஒப்புக்கொண்டார். வட்டியை விலக்கும் இஸ்லாமியச் சட்டமும் முளாரபா என்னும் கூட்டு வணிகத்தை ஏற்கிறது. அதில் ஒருவர் முதலையும் மற்றவர் உழைப்பையும் இட்டு, இலாபத்தைப் பேசிய விகிதத்தில் பகிர்கின்றனர், தொழில் நொடித்தால் பண இழப்பு முதல் தந்தவரையே சேர்கிறது.

இழப்பைத் தாங்குபவருக்கே பலனில் பங்கு என்னும் இந்த அளவுகோலைச் சோழர் காலக் கோயில் அறக்கட்டளைகள்மீது வைத்துப் பார்த்தால் சங்கடமான விடை கிடைக்கிறது. அணையாமல் எரிய வேண்டிய நந்தா விளக்கு ஒன்றுக்கு நாள்தோறும் ஓர் உழக்கு, அதாவது கால் நாழி நெய் தேவை. அதற்கென 96 ஆடுகள் இடையரிடம் ஒப்படைக்கப்பட்டன. தஞ்சைப் பெருவுடையார் கோயில் கல்வெட்டுகள் அதற்கு ஈடாக 48 பசுக்களையோ 16 எருமைகளையோ கணக்கிடுகின்றன. இத்தகைய ஆடுகளைக் கல்வெட்டுகள் ‘சாவா மூவாப் பேராடு’, அதாவது சாகாத, கிழடுதட்டாத ஆடு என்கின்றன. பக்தியின் மொழியாகவே இத்தொடர் பெரிதும் படிக்கப்படுகிறது. ஆனால் அது ஓர் ஒப்பந்த விதி. ஆடு சாகத்தான் செய்யும்; குட்டிகளைக் கொண்டு மந்தையை நிரப்பி, எண்ணிக்கை 96-இல் குறையாமல் காப்பது இடையரின் கடமை. கோமாரி வந்தாலும் மழை பொய்த்தாலும் கோயிலுக்கு அளக்கும் நெய் குறையக் கூடாது. கொடையாளி உடைமையைத் துறந்து புண்ணியத்தைப் பெற்றார், இறைவன் உடைமையாளர் ஆனார், சாவும் மூப்பும் இடையரின் கணக்கில் எழுதப்பட்டன.

காசாகத் தந்த கொடையிலும் இதே அமைப்பைக் காணலாம். தஞ்சைக் கோயிலின் காசை ஊர்ச் சபைகள் கடனாகப் பெற்று, காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை வீதம், பொலிசை செலுத்தின. பொலிசை என்பது பொலிதல், பெருகுதல் என்ற கருத்தில் வட்டிக்கு வழங்கிய சொல். எட்டு ஆண்டில் பொலிசையே முதலுக்குச் சமமாகிவிடும். எனினும் சந்திராதித்தர், அதாவது சந்திரனும் சூரியனும், உள்ளவரை செலுத்த வேண்டும் என்பதால் அக்கடன் தீரும் நாள் என்று ஒன்று வைக்கப்படவில்லை.

கடன் பெற்ற சபைக்கு அக்காசு பாசனத்துக்கோ உழவுக்கோ உதவி, பொலிசைக்கு மேல் விளைச்சல் தந்திருக்கவும் கூடும். இடையருக்கும் மிஞ்சிய குட்டியும் பாலும் தமக்கே நின்றிருக்கலாம். ஆகவே இதைச் சுரண்டல் என்று ஒரே சொல்லில் தள்ளிவிட முடியாது. ஆயினும் கொடையாளியின் பெயர் கல்லில் நிற்பது துறவுக்குக் கிடைத்த மதிப்பு என்றால், அவருடைய விளக்கு அணையாதிருக்கத் தலைமுறைதோறும் செத்த ஆடுகளுக்கு ஈடு கட்டியவருக்கும் அப்புண்ணியத்தில் பங்குண்டா என்பதற்கு அக்கல்வெட்டுகள் விடை தரவில்லை. அவற்றில் இடையரின் பெயரும் பல இடங்களில் இருக்கிறது, பொறுப்பேற்றவராக மட்டும்.